சுவாதீனம் யாரிடம் இருக்கிறது?

(பத்திர எழுத்தராக நாற்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவன் பதில் சொல்லும் பகுதி. இந்த வாரம் ஒரே சொல்லைச் சுற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன.)

கேள்வி: நாளிதழில் ஒரு வழக்குச் செய்தி படித்தேன். குற்றம் நடந்தபோது அவர் "சித்த சுவாதீனம் இல்லாதவர்" என்று வக்கீல் வாதாடினாராம். என் மகன் பத்தாவது படிக்கிறான். "சித்த இருங்கன்னா கொஞ்சம் இருங்கன்னுதானே அர்த்தம்? அப்ப சித்த சுவாதீனம்னா கொஞ்சம் சுவாதீனமா?" என்று கேட்கிறான். என் வீட்டுக்காரரோ நம் கிரயப் பத்திரத்திலும் சுவாதீனம் என்று வருகிறதே என்கிறார். இரண்டும் ஒன்றா? – வாசகி, காங்கேயம்

பதில்: பையனை அடிக்காதீர்கள், நல்ல கேள்விதான். நம் பக்கம் "சித்த நேரம்", "சித்த நகருங்க" என்றால் கொஞ்சம் என்று அர்த்தம். வழக்குச் செய்தியில் வருவது வேறு சித்தம். அது வடமொழி 'சித்', அதாவது உணர்தல், அறிதல் என்பதிலிருந்து வந்தது. உணர்கிற உள்ளம்தான் சித்தம்.

உங்கள் வீட்டுக்காரர் பிடித்ததுதான் பெரிய மீன். இரண்டும் ஒரே சுவாதீனம்தான்.

'ஸ்வ' என்றால் தன்னுடைய. 'அதீனம்' என்றால் வசம், கட்டுப்பாடு. பேரூர் ஆதீனம், சிரவை ஆதீனம் என்கிறோமே, அந்த ஆதீனமும் இதுவும் ஒரே குடும்பம். இரண்டும் சேர்ந்து ஸ்வாதீனம் ஆகி, தமிழில் சுவாதீனம் என்று படிந்தது. தன் வசத்தில் இருப்பது என்று பொருள். கிரயப் பத்திரத்தில் "சொத்தைத் தங்கள் சுவாதீனத்தில் இன்றே ஒப்படைத்துவிட்டபடியால்" என்று எழுதுவோம். பணம் கைமாறியது, கையெழுத்தும் ஆயிற்று, இனிமேல் காட்டுக்குள் இறங்கி உழுகிறவன் நீதான் என்று அர்த்தம். பட்டா ஒருத்தர் பெயரில் இருக்கும், சுவாதீனம் இன்னொருத்தரிடம் இருக்கும். எங்கள் தொழிலில் பாதி வம்பு அங்கேதான். பேச்சிலும் அந்தச் சொல் உண்டு. "ரொம்பச் சுவாதீனமா அடுப்படி வரைக்கும் வந்துருவான்" என்று ஒரு மருமகனைப் பற்றி என் அம்மிச்சி சொல்லும். வீட்டைத் தன் வீடாகவே எடுத்துக்கொண்டான் என்று பொருள். அதில் பாராட்டும் இருக்கும், குத்தலும் இருக்கும்.

ஆக, சித்த சுவாதீனம் என்றால் ஒருவனுடைய சித்தம் அவன் வசத்திலேயே இருப்பது. சொந்தக்காரனும் அனுபவிப்பவனும் ஒருவனே. அது இல்லை என்று சொன்னால் சித்தமே இல்லை என்று ஆகாது. சித்தம் அவனுடையதுதான், இப்போதைக்கு அனுபவம் அவனிடம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ச்சொல்லும் பத்திரத்தில் இருக்கிறது: பராதீனம். 'பர' என்றால் அயல், அதாவது பிறர் வசம் போவது. "மேற்படி சொத்தை இதற்கு முன் எவ்விதப் பராதீனமும் செய்யவில்லை" என்று எழுதாமல் ஒரு கிரயம் முடியாது. வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரனும் இதே வழியில்தான் யோசித்திருக்கிறான். சொத்தைக் கைமாற்றுவதற்கு அவர்கள் சட்டத்தில் ஏலியனேஷன் என்று பெயர். புத்தி தடுமாறுவதற்கும் பழைய நாளில் அதே சொல். மனநல மருத்துவரையே ஒரு காலத்தில் ஏலியனிஸ்ட் என்றுதான் அழைத்தார்கள். இரண்டு ஊர்க் குமாஸ்தாக்களும் பேசிவைத்துக்கொண்டு எழுதியதுபோல இருக்கிறது.

இந்தச் சொல் எனக்கு ஒருமுறை சூடு வைத்திருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் பதில் பாதிதான்.

எண்பதுகளில் ஒரு பாகப்பிரிவினை எழுதினேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், நாலரை ஏக்கரா மஞ்சள் காடு, ஒரு கிணறு. தம்பிக்கு மனநிலை சரியில்லை, வெளியூரில் வைத்தியம் நடக்கிறது என்று அண்ணன் சொன்னார். நானும் "சித்த சுவாதீனமில்லாத இளையவருக்குக் காப்பாளராக இருந்து மூத்தவர்" என்று எழுதிவிட்டேன். கோர்ட் உத்தரவு இருக்கிறதா என்று கேட்கவில்லை. சொத்துக்குக் காப்பாளரை மாவட்ட நீதிமன்றம்தான் நியமிக்க வேண்டும். அப்போது இருந்த 1912-ஆம் வருடச் சட்டமும் அதைத்தான் சொன்னது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. ஆடி கழிந்து ஆவணி பிறந்திருந்தது, வாசலில் கூட்டம், அவர் வேறு தெரிந்த முகம்.

மூன்று வருடம் கழித்து ஒருவர் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலை. சட்டைப்பையிலிருந்து பத்திர நகலை எடுத்து, மடிப்பை நீவி, ஒரு வரிமேல் விரல் வைத்தார்.

"ஏனுங்க, காட்டுச் சுவாதீனம் அண்ணங்கிட்ட இருக்குது, சரி. என்ற சித்தத்துச் சுவாதீனத்தையுமா அவருக்கே எழுதிக் குடுத்துட்டீங்க?"

சண்டைக் குரலே இல்லை. அர்த்தம் தெரிந்துகொள்ள வந்தவர் மாதிரிதான் கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசி, அவரும் ஒத்துக்கொண்டு, தம்பியே கையெழுத்துப் போட்டுப் புதிதாக ஒரு பாகப்பிரிவினை எழுதினோம். அதற்கு நான் கூலி வாங்கவில்லை. வாங்கியிருந்தால்தான் ஆச்சரியம்.

நீங்கள் படித்த வழக்கு விஷயம்: 1860-ஆம் வருடத் தண்டனைச் சட்டத்தில் அது 84-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆவது பிரிவு. செய்கிற நேரத்தில் தான் செய்வது இன்னதென்று தெரியாதபடியோ, அது தப்பு, சட்டத்துக்கு விரோதம் என்று தெரியாதபடியோ மனம் கெட்டிருந்தால் அது குற்றம் ஆகாது. "செய்கிற நேரத்தில்" என்பதுதான் அதில் முக்கியம். முந்தின வருடம் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது என்பது மட்டும் போதாது.

கேள்வி: ஆங்கிலத்தில் இதைச் சானிட்டி என்கிறார்கள். கழிவறைச் சாமான் விற்கும் கடையில் சானிட்டரி என்று போர்டு. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? – கல்லூரி மாணவி, கோவை

பதில்: உண்டு அம்மிணி. லத்தீனில் 'சானுஸ்' என்றால் ஆரோக்கியமான, நோயில்லாத. சானிட்டி என்ற சொல்லுக்கும் முதலில் உடம்பு, மனம் எல்லாம் சேர்ந்த ஆரோக்கியம் என்றுதான் அர்த்தம். பிற்பாடுதான் அது மனத்துக்கு மட்டும் ஒதுங்கியது. உடம்பின் பங்கு சானிட்டரி, சானிட்டேஷன் என்று குழாய்க்கும் சாக்கடைக்கும் போய்விட்டது. மூன்றாவது பங்காளி நம் ஊரிலேயே இருக்கிறது. பெருந்துறைக்குப் போகிற பஸ்ஸில் "சானடோரியம் எறங்குங்க" என்று குரல் கொடுப்பார்கள். காசநோய்க்காரர்கள் காற்றோட்டமாகத் தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்ட இடம் அது. மருத்துவக் கல்லூரி வந்த பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. குணமாக்குவது என்கிற அதே லத்தீன் வேர்தான்.

அவர்கள் மனத்தை ஆரோக்கியமாகப் பார்த்தார்கள், நாம் வசமாகப் பார்த்தோம். என்னைக் கேட்டால் நம் சொல் ஒரு படி மேல். ஜுரத்தில் கிடக்கிறவன் ஆரோக்கியமாக இல்லை, ஆனால் தன் வசத்தில் இருக்கலாம்.

கேள்வி: என் அப்பாருக்கு வயது 84. நேற்று சாப்பிட்டது மறந்துபோகிறது. உயில் எழுத வேண்டும் என்கிறார். புத்தி சுவாதீனம் இல்லாதவர் எழுதினால் செல்லாது என்று ஒறம்பரையில் (சொந்தத்தில்) ஒருவர் மிரட்டுகிறார். டாக்டர் சர்டிபிகேட் கட்டாயமா? – வாசகர், சத்தியமங்கலம்

பதில்: மிரட்டுகிறவருக்கு அந்த உயிலில் பங்கு உண்டா என்று முதலில் பாருங்கள்.

மறதி வேறு, சுவாதீனம் இல்லாமல் போவது வேறு. 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் 59-ஆவது பிரிவு, மைனர் அல்லாத, திடமான மனமுள்ள எவரும் உயில் எழுதலாம் என்கிறது. அதிலேயே விளக்கமும் இருக்கிறது. வழக்கமாக மனம் பிறழ்ந்திருப்பவர்கூடத் தெளிந்திருக்கும் இடைவேளையில் எழுதலாம். குடியாலோ நோயாலோ வேறு எதனாலோ தான் செய்வது என்ன என்று தெரியாத நிலையில் மட்டும் எழுத முடியாது. காட்டை அயலான் 12 வருடம் தன்னதாக அனுபவித்துவிட்டால் சொந்தக்காரனுக்கே உரிமை போகிற கணக்கு ஒன்று உண்டு. சித்தத்துக்கு அப்படி ஒரு கெடு எந்தச் சட்டத்திலும் கிடையாது. எத்தனை வருடம் கழித்துத் திரும்பி வந்தாலும் அது அவருடையதே.

இங்கிலாந்தில் 1870-இல் பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ என்று ஒரு வழக்கு. உயில் எழுதிய மனுஷன், பேய் பிசாசும் செத்துப்போன ஒரு ஆளும் தன்னைத் துரத்துவதாக நம்பிக்கொண்டிருந்தவர். அப்படியும் உயில் செல்லும் என்றது கோர்ட். எழுதுவது உயில் என்று தெரிந்ததா, என்ன சொத்து என்று தெரிந்ததா, யார் யாருக்கு அதில் நியாயமான எதிர்பார்ப்பு என்று தெரிந்ததா, பிசாசு பயம் அந்தத் தீர்மானத்தைக் கெடுத்ததா – இவ்வளவுதான் பார்த்தார்கள். நம் கோர்ட்டுகளும் ஏறக்குறைய அந்தப் பாதையில்தான் போகின்றன.

கூகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளைக்குச் சார்பதிவாளரோடு போனது நினைவுக்கு வருகிறது. நடக்க முடியாத பெரியவர், கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். எழுதிக்கொடுப்பவர் மனநிலை சரியில்லாதவராகத் தெரிந்தால் பதிவை மறுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்கிறது. அதனால் அதிகாரி சோதித்துப் பார்த்தார்.

"ஐயா, இன்னிக்கு என்ன தேதி?"

"தேதியெல்லாம் தெரியாதுங்க. நேத்து புளியம்பட்டிச் சந்தை. அப்ப இன்னிக்கு வெள்ளிக்கெழம."

"நாட்டுக்குப் பிரதமர் யாரு?"

"அவரென்ன எனக்குப் பங்காளியுங்களா?"

அதிகாரி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். "சரி, சொத்து என்ன இருக்குது?"

"வாய்க்கா மேட்டுக்காடு ரெண்டே கால் ஏக்கரா. கெணத்துல ஏழுல ரெண்டு பங்கு. தென்ன நாப்பத்தி மூணு. நாப்பத்தி நாலு இருந்துச்சு, ஆடிக் காத்துல ஒண்ணு முறிஞ்சுபோச்சு."

"பையன் இருக்கறப்ப புள்ளைக்கு எதுக்குங்க எழுதறீங்க?"

"பையனுக்கு அப்பவே டவுன்ல எடம் வாங்கிக் குடுத்துட்டனுங்க. நாலு வருசமா என்ற சோத்துத் தட்டு புள்ள கையிலதான்."

அதிகாரி வேறொன்றும் கேட்கவில்லை. மைப்பெட்டியை முன்னால் நகர்த்தினார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் சர்டிபிகேட் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் வாங்கிவிடுங்கள். அன்றைய தேதியிட்டு, பேசிப் பார்த்தேன், புரிந்து பதில் சொல்கிறார் என்று டாக்டர் எழுத வேண்டும். அந்த டாக்டரே இரண்டு சாட்சிகளில் ஒருவராகக் கையெழுத்துப் போட்டால் இன்னும் உத்தமம். உயிலால் பலன் அடைகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். அவர் பேனா பிடித்து, காகிதம் வாங்கி, ஆட்டோ பிடித்து முன்னால் ஓடவும் வேண்டாம். உயிலைக் காட்டிப் பலன் கேட்கிறவர்தான் அதில் உள்ள சந்தேகத்தையெல்லாம் போக்க வேண்டும் என்று 1959-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிலைப் பதிவு செய்வதும் கட்டாயம் இல்லை. செய்தால் நல்லது. காலை வேளையாகப் பாருங்கள், வயசானவர்களுக்கு மாலையைவிடக் காலை தெளிவு அதிகம். (உயில் என்ற சொல்லே ஆங்கில 'வில்'தான். அதற்கு முன் மரண சாசனம் என்று எழுதினார்கள். கேட்கவே குளிர் எடுக்கும், நல்லவேளை போனது.)

கேள்வி: சித்தர்கள் சித்தத்தை அடக்கியதால் அந்தப் பெயர் வந்ததா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: மேடையில் அப்படிச் சொல்லிக் கைத்தட்டு வாங்குகிறார்கள். சித்தர் என்பது 'சித்த' என்ற வேறு வடசொல், அதாவது கைகூடியது, முடித்தது. காரிய சித்தி என்கிறோமே, அந்தக் குடும்பம். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் வந்த மயக்கம்.

கேள்வி: பைத்தியம் என்ற சொல் எப்படி வந்தது? என் தம்பிக்கு ஒரு வருடமாக மனநிலை சரியில்லை. திருமுருகன்பூண்டியில் 48 நாள் தங்க வைத்தால் சரியாகும் என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா? – வாசகர், அவிநாசி

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில்: நிறுத்தாதீர்கள். பூண்டிக்கு அழைத்துப் போங்கள், தீர்த்தம் ஆடட்டும், கோயில் நிழலில் உட்காரட்டும். மாத்திரை டப்பாவும் பையிலேயே இருக்கட்டும். ஒன்றுக்கு ஒன்று பகை இல்லை. இரவு நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தால் டெலி மானஸ் என்ற அரசின் இலவச எண் 14416, தமிழில் பேசலாம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, ஒருவருக்கு மனநோய் என்று கண்டறிந்ததாலேயே அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும். உங்கள் தம்பியிடம் கேட்காமல் அவர் பங்கில் யாரும் கை வைக்க முடியாது.

சொல்லுக்கு வருவோம். பித்தம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது பைத்தியம். பித்தம் மிகுந்து வந்த வியாதி என்பதுதான் அடிப்படை. வாதம், பித்தம், கபம் என்று உடம்பைப் பிரித்துப் பார்த்த வைத்தியர்களின் சொல் அது. தலைசுற்றி வாந்தி வந்தால் "பித்தமா இருக்குது" என்று எலுமிச்சம்பழம் கேட்கிறோமே, அதற்கு அண்ணன் முறை. வசவாக மாறியது பிற்பாடு. கோயிலிலோ பித்தன் என்றால் வசவே இல்லை.

பூண்டிக்குப் போகிறபோது சுந்தரரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேடர்களிடம் பறிகொடுத்துவிட்டுச் சாமியோடு சண்டை பிடித்தவர், உங்கள் அவிநாசியில் முதலை வாயில் போன பிள்ளையைப் பாடி மீட்டவர். அவர் கதையே ஒரு பத்திர வழக்கில்தான் தொடங்குகிறது. கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் ஓலையை நீட்டி, உன் பாட்டன் எனக்கு அடிமை, நீயும் அடிமை என்கிறார். நீர் பித்தரோ என்று கேட்டு ஓலையைக் கிழித்துப் போட்டார் சுந்தரர். கிழவர் சளைக்கவில்லை, கிழிந்தது நகல், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றார். அங்கே சபையார் பாட்டன் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, செல்லும் என்று தீர்த்தார்கள். அந்த வழக்கில் கேட்கப்படும் சாட்சியம் மூன்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. ஆட்சி என்கிறாரே சேக்கிழார், அதுதான் எங்கள் சுவாதீனம். நகல், மூலம், கையெழுத்து ஒப்பீடு எல்லாம் வைத்துப் பாடியிருக்கிறார். கிழவர் கடவுள் என்று தெரிந்தபின் சுந்தரர் அந்த வசவையே முதல் சொல்லாக வைத்துத் தேவாரம் தொடங்கினார். என்னைப் போன்றவர்கள் கிழிந்த நகலுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே அந்த இடத்தைப் படிப்போம்.

கேள்வி: இதற்கெல்லாம் தமிழ்ச் சொல்லே இல்லையா? – வாசகர், அந்தியூர்

பதில்: ஏன் இல்லை? தெளிவு. "ஆள் இப்பத் தெளிஞ்சுட்டாப்ல", "தேறிட்டாப்ல" என்று தினமும் சொல்கிறோம். சங்க நூலான கலித்தொகையின் நெய்தற்கலிப் பகுதியில், காதலன் பிரிந்ததால் சித்தம் கலங்கி ஊர் முழுக்கப் புலம்பித் திரிந்த ஒரு பெண், அவன் திரும்பி வந்ததும் தேற்றாங்கொட்டை இட்டுத் தேற்றிய கலங்கல் நீர்போலத் தெளிந்து நலம் பெற்றாள் என்று வருகிறது. நலம் என்ற சொல்லைக் கவனியுங்கள். கோவை மாணவிக்குச் சொன்ன லத்தீன் சொல்லின் பொருளும் அதுதான்.

தேத்தாங்கொட்டையை இப்போது எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட புதிதில் செம்மண் கரைந்து டீ மாதிரி வரும். ஆத்தா அதைத்தான் மண்குடத்தில் பிடித்துவைக்கும். சுண்டைக்காய் அளவில் ஒரு கொட்டை, குடத்தின் உள்வாயில் கரகரவென்று தேய்த்துவிட்டு மூடிவைத்துவிடும். விடியக் கருக்கலில் பார்த்தால் மேல்தண்ணி கண்ணாடி, செம்மண் எல்லாம் அடியில் படிந்திருக்கும். குடத்தைச் சாய்க்கக் கூடாது, சிரட்டையால் மேலாக மொள்ள வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில் சாய்த்துவிட்டேன். "கெரகம் புடிச்சவனே" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அதே கொட்டையை எடுத்து மறுபடி தேய்க்க உட்கார்ந்தது.

நாட்டு மருந்துக் கடையில் இன்றைக்கும் கிடைக்கிறது. தேத்தாங்கொட்டை என்றே கேளுங்கள்.